சர்வே நம்பர் இல்லாத நில விளம்பரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலமும் மனையும் விற்கும் இணையதளங்கள், செல்போன் செயலிகள் வெளியிடும் ஒவ்வொரு விளம்பரத்திலும் வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், உட்பிரிவு எண் இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இதைத் தமிழக அரசு விதியாகவே கொண்டுவர வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். என் அப்பாவும் இதே தொழில்தான். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பல தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கும். அவற்றைப் படித்து அர்த்தம் சொல்லும் வித்தையை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பெண்கள் அதிகம் இல்லாத இந்தத் தொழிலில் என் மேசைக்கு வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது கையில் பத்திரத்தோடு வருவதில்லை, செல்போனோடு வருகிறார்கள். அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் பகுதியில் நிலத்துக்கு வந்திருக்கும் கிராக்கி எல்லோரும் அறிந்தது. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. சூளகிரியிலும் குருபரப்பள்ளியிலும் சிப்காட் தொழிற்பேட்டை, போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலை, எங்கள் வட்டத்திலேயே செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலை, தருமபுரியில் இன்னொரு சிப்காட் என்று வரிசையாக வருகின்றன. 2024 ஜூன் 27-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்தார். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்றார். இடம் இன்னது என்று அரசு சொல்வதற்கு முன்பே 'ஏர்போர்ட்டிலிருந்து பத்து நிமிடம்' என்ற மனைகள் செயலிகளில் ஏறிவிட்டன. பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருப்பதை அந்த விளம்பரங்களில் ஒன்றுகூடச் சொல்லி நான் பார்க்கவில்லை. விமான நிலையம் வரட்டும், வர வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அதை நம்பி இன்று சென்ட் கணக்கில் பணம் போடுகிறவர்களுக்கு அந்த வருடமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இணையதளங்களை நான் வெறுக்கவில்லை. 99ஏக்கர்ஸ் 2005-லும், மேஜிக்பிரிக்ஸ் 2006-லும், ஹவுசிங் 2012-லும் வந்தன. பெங்களூரில் 2014-ல் தொடங்கிய நோபுரோக்கர், தரகே இல்லாமல் வீட்டுக்காரரையும் குடிவருகிறவரையும் நேரடியாகச் சேர்த்துவைத்தது. 2021-ல் அது நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்ட நிறுவனம். ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் ஊருக்குள் யாரையும் தெரியாமலே, நாலு வீட்டை ஒப்பிட்டுப் பார்த்து வாடகைக்குப் பிடிக்கிறார்கள் என்றால் அது இவற்றால் வந்த நன்மைதான். முன்பெல்லாம் ஒரு தரகர் வாயில் வந்ததுதான் விலை. இப்போது கிராமத்து விவசாயியின் மகன் பக்கத்து ஊரில் ஏக்கர் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறான். தாத்தா காலத்து நிலத்தை அடிமாட்டு விலைக்கு விட்டுவிடாமல் தப்பிக்கிறான். இதையெல்லாம் நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் வாடகை வீடு வேறு, நிலம் வேறு. வீட்டை நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் போதும். குழாயில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று கண்ணே சொல்லிவிடும். நிலத்தில் கண்ணால் பார்ப்பது பாதிதான். மீதி காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் போகிற ஒரே வாசல் சர்வே நம்பர். அதைத்தான் இந்த விளம்பரங்கள் மறைக்கின்றன.

ஒரு விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். 'ராயக்கோட்டை அருகே 3 ஏக்கர் செம்மண் நிலம், தார்ச்சாலைக்கு அருகில், கிளியர் டைட்டில், நல்ல நிலத்தடி நீர், முதலீட்டுக்கு ஏற்றது' என்று இருக்கும். மாலை வெயிலில் எடுத்த படங்கள் ஏழெட்டு இருக்கும். வரைபடத்தைத் தொட்டால் குறி ராயக்கோட்டை பேருந்து நிலையத்தில் போய் நிற்கும். எந்த வருவாய்க் கிராமம் என்பதே இருக்காது. ஆனால் மேற்கொண்டு விவரம் தெரிய வேண்டுமென்றால் நம் செல்போன் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த மறுநிமிடத்திலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். எந்த நிலம் என்றே சொல்லாமல் அந்த நிலத்தின் டைட்டில் கிளியர் என்று எப்படி ஒருவர் உறுதி தர முடியும்? யார் பார்த்து, எந்த ஆண்டிலிருந்து பார்த்து அப்படிச் சொன்னார்கள்?

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கிராமமும் சர்வே நம்பரும் உட்பிரிவும் கையில் இருந்தால், வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் பட்டாவைப் பார்க்கலாம், அ-பதிவேட்டைப் பார்க்கலாம், நிலத்தின் எல்லைக் கோடுகளும் அளவுகளும் காட்டும் புலப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். பதிவுத் துறையின் தளத்தில் 1975-லிருந்து வில்லங்கத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது, தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்று தெரியும். அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, அரசுப் புறம்போக்கா என்று தெரியும். வில்லங்கத்தில் எந்த வங்கியில் அடமானம், யாரோடு ஒப்பந்தம், எப்போது பாகப்பிரிவினை என்று வரிசையாக வரும். அரசு பல ஆண்டு உழைத்துக் கணினியில் ஏற்றிய இந்தப் பதிவேடுகளெல்லாம் பொதுமக்கள் பார்க்கத்தான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் எண்ணை மட்டும் விளம்பரம் தர மறுக்கிறது.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் கணினி வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஒரு செயலியில் மாந்தோப்பு ஒன்றைப் பார்த்துப் பிடித்துப்போயிருக்கிறது. இரண்டு ஏக்கர் சொச்சம், காய்ப்பில் இருக்கிற பெங்களூரா மரங்கள். தரகர் ட்ரோன் வீடியோ அனுப்பியிருக்கிறார். வேறு யாரோ வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தவே 2 லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸையும் செல்போனிலேயே அனுப்பிவிட்டு, கிரய ஒப்பந்தம் எழுத என்னிடம் வந்தார்கள். சர்வே நம்பர் அன்று காலையில்தான் அவர்கள் கைக்கே வந்திருந்தது.

நான் முதலில் புலப்படத்தை எடுத்தேன். உட்பிரிவின் நான்கு பக்கக் கோடுகளும் அளவுகளும் இருந்தன. மேற்கே ஓடை. மற்ற மூன்று பக்கமும் வேறு வேறு உட்பிரிவுகள். எந்தப் பக்கத்திலும் வண்டிப்பாதையைக் காட்டும் புள்ளிக்கோடு இல்லை. சரி, பத்திரத்திலாவது பாதை உரிமை எழுதியிருக்கிறதா என்று விற்கிறவரின் பத்திர நகலை வாங்கிச் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படித்தேன். கிழக்கே பங்காளி நிலம், வடக்கே அதே பங்காளியின் அண்ணன் நிலம், தெற்கே வேறொருவர் நிலம், மேற்கே ஓடை. அதற்குக் கீழே வழக்கமாக எழுதும் 'மாமூல் வழிநடை பாத்தியம், வண்டி வாகனங்கள் சென்றுவரும் பாத்தியம்' என்ற வரி இல்லை. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் இல்லை. அந்த அம்மா செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வீடியோல ரோடு நல்லா தெரியுதே மேடம், கார் போகுதே?"

"போகும்மா. அது பங்காளி பட்டாவுல அவங்க டிராக்டர் ஓட்டுற வழி. அண்ணன் தம்பிக்குள்ள இருக்கிறவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வாங்கின மறுநாள் அவர் முள்ளு வெட்டிப் போட்டாருன்னா உங்க தோட்டத்துக்கு நீங்களே போக முடியாது."

அந்தக் கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பங்காளியிடம் போய்ப் பாதை எழுதிக் கேட்டார்கள். அவர் பாதைக்கு மட்டும் சொன்ன விலை, நிலத்தின் விலையில் கால் பங்கு. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். டோக்கன் பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது என்று பிறகு தெரிந்தது. சர்வே நம்பர் முதல் நாளே அந்த விளம்பரத்தில் இருந்திருந்தால், அவர்கள் பெங்களூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே புலப்படத்தை எடுத்து, பாதை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சர்வே நம்பர் கிடைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டா உரிமை மூலம் ஆகாது, அது வரி வசூலுக்கான ஆதாரம்தான். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறிய தவறுகள் இன்றும் எங்கள் வட்டத்தில் வழக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. 1975-க்கு முந்தைய வில்லங்கத்துக்கு அலுவலகத்தில் கைமுறைத் தேடல் போட வேண்டும். 1892-ல் ஆங்கிலேய அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் வேறு சமூகத்தார் கைக்கு மாறியிருந்தால், எத்தனை கை மாறினாலும் அந்தக் கிரயம் செல்லாது. அப்படிப்பட்ட நிலத்தை விற்பதும் வாங்குவதும் அநியாயமும்கூட. பொதுஅதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரிமை மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதில் பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதி செய்தது. இருந்தும் எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அண்ணன் தம்பிகள் கையெழுத்து மட்டும் இருக்கும், கட்டிக்கொடுத்த அக்கா தங்கை பெயரே இருக்காது. விலை ஏறியதும் அந்தப் பெண்கள் நியாயமாகவே நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். வாங்கியவர் வழக்கில் மாட்டிக்கொள்கிறார். 'கிளியர் டைட்டில்' என்று செயலியில் போட்டவர் அதற்குள் கமிஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். சர்வே நம்பர் முன்கூட்டியே தெரிந்தால், வாங்க நினைப்பவர் வில்லங்கத்தை எடுத்து, பாகப்பிரிவினையில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்து, வாரிசுச் சான்றைக் கேட்க நேரம் கிடைக்கும். டோக்கன் கொடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஏன் மறைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், அதில் தரகர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. காவேரிப்பட்டணத்துப் பையன்கள் இருவர், பொறியியல் படித்தவர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு மட்டும் நில விற்பனைத் தளம் ஒன்று தொடங்க ஆசைப்பட்டு என்னிடம் வந்தார்கள். பட்டாவில் ஹெக்டேர் ஏர்ஸ் கணக்கை ஏக்கர் சென்ட்டாக மாற்றுவது, பத்திரம் படிப்பது எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு விளம்பரத்திலும் சர்வே நம்பரைப் போட்டு, அதிலிருந்தே புலப்படத்துக்கும் வில்லங்கத்துக்கும் போகிற மாதிரி செய்யப் போகிறோம் என்றார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் தரகர்கள் யாரும் நிலம் தரவில்லை. "நம்பர் போட்டா இன்னொருத்தன் பட்டாவுல பேரைப் பாத்து நேரா ஓனர்கிட்ட போயிடுவான் தம்பி, நான் பெட்ரோல் போட்டு அலைஞ்சது வீணாப் போயிடும்" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். அந்தப் பையன்களின் தளம் இன்னும் வரவில்லை.

தரகரின் உழைப்புக்குக் கூலி கிடைக்கத்தான் வேண்டும். அதற்கு வழி எண்ணை மறைப்பது அல்ல. விற்கிறவரோடு ஒரு முகவர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும். இத்தனை மாதத்துக்குள் நீங்கள் காட்டிய ஆள் வாங்கினாலும், உங்களைத் தாண்டி வேறு வழியில் வந்து வாங்கினாலும் இத்தனை சதவீதம் கமிஷன் தருகிறேன் என்று முத்திரைத்தாளில் ஒரு பக்கம் எழுதினால் போதும். நகரத்துக் கட்டடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. எங்கள் ஊரில் வாய்ப்பேச்சிலேயே எல்லாம் ஓடுவதால்தான் நிலத்தையே மூடிவைக்க வேண்டியிருக்கிறது.

நிலத்தின் சொந்தக்காரரையும் இந்த மறைப்பு பாதிக்கிறது. கெலமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். "நான் விக்கிறேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலக்கா. வாரம் ரெண்டு கார் வருது. தோட்டத்துல எறங்கி போட்டோ எடுக்கிறாங்க, போர்ல தண்ணி எவ்ளோ வருதுன்னு கேக்கறாங்க. மருமக பயப்படுது." யாரோ ஒரு தரகர், இவர் அனுமதியே இல்லாமல் இவர் நிலத்தைச் செயலியில் ஏற்றியிருக்கிறார். எந்தச் செயலி, எந்த விளம்பரம் என்று கண்டுபிடிக்க இவருக்கு வழியே இல்லை. ஏனென்றால் 'கெலமங்கலம் அருகே' என்று மட்டும் போட்ட விளம்பரங்கள் ஏராளம். சர்வே நம்பர் கட்டாயம் என்று இருந்தால், தன் நிலத்தின் எண்ணைப் போட்டுத் தேடி, என் நிலத்தை எடுத்துவிடு என்று சொந்தக்காரர் கேட்க முடியும். எண்ணை வெளியிட்டால் சொந்தக்காரரின் அந்தரங்கம் போய்விடும் என்று இணையதளக்காரர்கள் சொல்லலாம். பட்டாவை அரசே பொதுவில் வைத்திருக்கிறது. அந்தப் பெரியவருக்கு அந்தரங்கம் போனது அவர் அனுமதி இல்லாமல் போட்ட விளம்பரத்தால்.

இப்போது முதலீடு என்ற பெயரில் வருவதைப் பற்றி. தளி, அஞ்செட்டி, ராயக்கோட்டைப் பக்கம் 'பராமரிக்கப்படும் பண்ணை நிலம்' என்று பெரிய பரப்பை வாங்கி, கால் ஏக்கர் அரை ஏக்கராகப் பிரித்து, பெங்களூர்க்காரர்களுக்கு விற்கிறார்கள். நாங்களே மரம் நடுவோம், காவல் போடுவோம், வருமானத்தில் பங்கு தருவோம் என்கிறார்கள். நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் பத்திரத்தில் உங்களுக்கென்று தனி உட்பிரிவும் நான்கு எல்லையும் இருக்கிறதா, அல்லது பெரிய சர்வே நம்பரில் 'பிரிபடாத பாகம்' என்று மட்டும் எழுதித் தருகிறார்களா? பிரிபடாத பாகம் என்றால், வேலி போட்டுக் காட்டிய அந்த இடம் உங்களுடையது என்று காகிதத்தில் எங்கும் இருக்காது. பராமரிக்கும் நிறுவனம் நாளை கடையைக் கட்டினால், முன்பின் தெரியாத நாற்பது பேரோடு கூட்டுப் பட்டாவில் நிற்க வேண்டியதுதான். விவசாய நிலமாகவே விற்கிறோம், மனைப் பிரிவு அல்ல, ஆகவே மனை வணிகத்தை முறைப்படுத்தும் ரெரா சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்பது விற்பவர்கள் சொல்லும் வாதம். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்கள் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மாதத் தவணையில் விவசாய நிலம் தருகிறோம் என்று நாடு முழுவதும் பணம் திரட்டிய பிஏசிஎல் நிறுவனம் நினைவிருக்கும். 49 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்ததைக் கண்டு 2014-ல், முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செபி திருப்பித் தரச் சொன்னது. 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்துச் சொத்துகளை விற்றுத் திருப்பித் தரும் நிலை வந்தது. பணம் கட்டியவர்களுக்கு எந்த சர்வே நம்பரில் தங்கள் நிலம் என்றே தெரியாமல் போனதுதான் அங்கே நடந்தது. ஒன்றாகச் சேர்ந்து சொத்தில் முதலீடு செய்ய நினைப்பவர்களுக்குச் செபி 2024 மார்ச்சில் சிறு ரீட் என்ற முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 50 கோடி முதல் 500 கோடி வரை மதிப்புள்ள சொத்துக்கு, குறைந்தது 10 லட்சம் ரூபாய் முதலீடு, அதுவும் பெரும்பகுதி கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடமாக இருக்க வேண்டும். செபியில் பதிவு செய்யாமல் பங்கு தருகிறேன் என்று வருகிற செயலிகளை மக்கள் தள்ளி வைக்க வேண்டும்.

கிராமத்தின் பெயரும் ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று யானை. 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியும், ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காப்புக்காடுகளை ஒட்டியும் உள்ள கிராமங்களில் ராகி அறுக்கும் காலத்தில் யானைக் கூட்டம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. பண்ணை வீடு கட்டி வார இறுதியில் பிள்ளைகளோடு தங்க நினைப்பவர், தான் வாங்குவது எந்தக் கிராமம் என்று தெரிந்தால் அங்கே நாலு பேரிடம் விசாரிப்பார். இன்னொன்று தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறுத்து, எலும்பு வளைந்துபோன முதியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 'நல்ல நிலத்தடி நீர்' என்று இரண்டு வார்த்தையில் விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை அறியாதவர்கள். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் வராத கிராமமும், அடுத்த கிராமத்தில் முந்நூறு அடியில் தண்ணீர் கிடைக்கும் தோட்டமும் எங்கள் பக்கத்தில் உண்டு.

சட்டத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் முகவர் என்பவரை வரையறுக்கும்போது, எந்த ஊடகத்தின் வாயிலாகவும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி அதற்குக் கட்டணம் பெறுபவர் என்கிறது. பதிவு செய்த திட்டத்தின் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட திட்டத்துக்கும், தனியார் ஒருவர் தன் விவசாய நிலத்தை அப்படியே விற்பதற்கும் இது கைகொடுக்காது. எங்கள் மாவட்டத்தில் செயலிகளில் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது நம் மாநிலம். போலி ஆவணங்களைத் தடுக்க 22-பி பிரிவைச் சேர்த்ததும் நம் மாநிலம்தான். அதனால் சர்வே நம்பர் இல்லாமல் தமிழ்நாட்டு நிலத்தை விற்பனைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவர முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பதிவுத் துறை அமைச்சரும், பதிவுத் துறைத் தலைவரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விதி வருகிறவரைக்கும் வாங்குகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. செயலியில் பார்த்து அழைப்பு வந்ததும், விலை பேசுவதற்கு முன்பே, கிராமமும் சர்வே நம்பரும் உட்பிரிவும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேளுங்கள். நேரில் வந்தால்தான் தருவோம் என்கிறவரிடம் டோக்கன் பணம் கொடுக்காதீர்கள். வந்த எண்ணை வைத்துப் புலப்படத்தையும் வில்லங்கத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதி ஆவண எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ போய் உட்காருங்கள். கட்டணம் சில ஆயிரம் ஆகலாம். பத்திரப் பதிவுக்கே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் அரசுக்குச் செலுத்தப் போகிறவருக்கு அது பெரிய தொகை இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழில் வழக்கறிஞர்கள் தரும் பொது அறிவிப்புகளை நான் தவறாமல் படிக்கிறேன். என் கட்சிக்காரர் இன்ன சொத்தை வாங்க இருக்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கவும் என்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், சக்குபந்தி வரை அத்தனையும் பொடி எழுத்தில் வருகிறது. மனை விளம்பரங்களுக்கான பக்கத்தில் அரைப்பக்க விளம்பரம் கொடுக்கிறவர்களிடமும் சர்வே நம்பரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நகர் ஊரமைப்புத் துறை தரும் டிடிசிபி எண்ணும் ரெரா எண்ணும் போடுகிறவர்கள் அதையும் ஒரு வரியில் போட முடியும். தர மறுக்கிற விளம்பரத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்,
தேன்கனிக்கோட்டை வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.